பாலாற்றுத் தோல் தொழிலும் வட்டாரக் கூட்டுறவும்: விடுபட்டவர்கள் யார்?

வேலூரின் தென்கோடியில் உள்ள பாகாயத்தை நடுவாக வைத்துப் பார்த்தால், கிழக்கே மேல்விஷாரமும் ராணிப்பேட்டையும், மேற்கே பேரணாம்பட்டும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அமைகின்றன. 2019-இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்ட இப்பகுதியை இன்றும் ஒரே பொருளாதார வட்டாரமாக வைத்திருப்பவை இரண்டு: பாலாறு, தோல். உலகச் சந்தையில் தனித்து நிற்க இயலாத சிறு ஆலைகள் ஒன்றுகூடினால் நிலைக்க முடியும் என்பதற்கு இந்த வட்டாரத்தை அறிஞர்கள் சான்றாகக் காட்டுவதுண்டு. அத்தகைய ஆய்வுகளுள் லொரெய்ன் கென்னடி 1999-இல் வெளியிட்டது முக்கியமானது. அந்த முடிவு சரியே. ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது. பாலாற்றுக் கூட்டுறவின் பெரிய அடிகள் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வந்த நெருக்கடியால் எடுத்துவைக்கப்பட்டவை. அந்தக் கூட்டுறவு ஆலை உரிமையாளர்களோடு நின்றுவிட்டது. விலை கொடுத்த உழவரும் தொழிலாளரும் அதன் வட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியே லண்டன் ஏலத்துக்குப் போனது. இங்கே அரைகுறையாகப் பதமான தோல் அங்கே முழுமை பெற்றது. லாபத்தின் பெரும்பகுதியும் அங்கேயே தங்கியது. அக்காலக் கூட்டுறவு என்பது உறவினருக்குள் கடன், வாக்கு நாணயம், மண்டித் தொடர்பு. அதன் நல்ல விளைவுகளை மறுக்க முடியாது. 1919-இல் வாணியம்பாடியில் எழுந்த இஸ்லாமியா கல்லூரிக்குப் பின்னால் தோல் வணிகச் சமூகத்தின் கொடை இருக்கிறது. ஆனால் உற்பத்தி முறையை மாற்றியது அந்த நம்பிக்கையன்று, அரசின் ஆணை. அரசு அமைத்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973-இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டு, அரைப்பதத் தோலுக்கு ஒதுக்கீட்டு வரம்பு விதிக்கப்பட்டது. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நுட்பம் தர, ஆலைகள் குரோம் பதனிடலுக்கும் முழுமைத் தோலுக்கும் நகர்ந்தன. ஆம்பூர் காலணி நகரமானது இதன் தொடர்ச்சி. மதிப்புக் கூடிய அதே வேளையில் ரசாயனச் சுமையும் கூடியது. முன்பு இங்கிலாந்தில் நடந்த வேலை இங்கு வந்தபோது அதன் கழிவும் இங்கே வந்தது. அதை எங்கே விடுவது என்று கொள்கை வகுத்தவர்கள் கேட்கவில்லை.

அடுத்த அதிர்ச்சி ஜெர்மனியிலிருந்து வந்தது. தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சேர்க்கப்பட்ட பென்டாகுளோரோபீனாலை அந்நாடு 1989 இறுதியில் தடை செய்தது. ஆராய்ச்சி நிலையமும் ஏற்றுமதியாளரும் ஆலைகளும் கைகோத்து, சில ஆண்டுகளிலேயே மாற்றுப் பொருளுக்கு மாறினர். ஆலைக் கழிவோடு பல பத்தாண்டுகளாகக் கிணறுகளில் இறங்கிக்கொண்டிருந்த உப்புக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. காரணம் எளிது: ஒன்று தோலோடு ஜெர்மனிக்குப் போனது, மற்றொன்று இங்கேயே தங்கியது. வாங்குபவரின் உடலைத் தொட்ட நஞ்சுக்கு மட்டுமே சந்தை கணக்குக் கேட்டது. உலகச் சந்தையே ஒழுங்கைக் கற்பித்துவிடும் என்போர் இந்த ஒப்பீட்டுக்கு விடை சொல்ல வேண்டும்.

உப்புக்குக் கணக்குக் கேட்டவர்கள் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தார். 1991-இல் அவர்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதிகளில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிபெற இவ்வழக்கும் ஒரு காரணம். ஆலைகளை மூடிவிடுவார்கள் என்ற அச்சமே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆலைக்காரர்களைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கூட்டாளிகளாக்கியது. அரசு மானியம் கிடைத்தாலும், போட்டியாளர்கள் ஒரே குழாயில் கழிவை விட்டுச் செலவைப் பகிர்ந்துகொள்வது சாதாரணச் செயலன்று.

கடுமையான விதிகள் தொழிலை அழித்துவிடும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வரும் என்பது அன்றும் இன்றும் எழும் மறுப்பு. இதில் நியாயம் உண்டு. பதனிடும் ஆலைகளில் தலித் தொழிலாளரும் காலணி ஆலைகளில் பெண்களும் பெருமளவில் உழைக்கிறார்கள். பிறருக்குக் கூலிக்குப் பதனிடும் வேலையை நம்பியிருக்கும் சிறு ஆலைக்குச் சுத்திகரிப்புச் செலவு உண்மையிலேயே கனக்கிறது. ஆயினும் 1996-க்குப் பின் இவ்வட்டாரம் ஏற்றுமதியை இழந்து ஓய்ந்துவிடவில்லை. இன்று சுற்றுச்சூழல் தணிக்கைச் சான்று கேட்கும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் காட்ட, அன்று வேண்டாவெறுப்பாகக் கட்டிய நிலையங்களே உதவுகின்றன. தொழிலாளர் நலனைக் காரணம் காட்டி விதிகளைத் தளர்த்தச் சொல்பவர்கள் 2015 ஜனவரி 31-ஐ நினைக்க வேண்டும். அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கூட்டு நிறுவனத்தின் கட்டமைப்பிலேயே நேர்ந்த இச்சாவுகள், அக்கூட்டில் யாருக்கு இடம் இல்லை என்பதைக் காட்டின.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, அரசு இழப்பீட்டை வழங்கி அதை ஆலைகளிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகும் உழவர் ஈட்டுக்காகக் காத்திருந்தார்கள் என்பதே இதன் பொருள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது ஏற்றுமதியாளர் அமைப்புகள் ஒரே குரலில் அரசை அணுகின. அந்தத் திறன் இவ்வட்டாரத்தின் சொத்து. அதைப் பயன்படுத்த வேண்டிய வேலை சுத்திகரிப்பு வளாகங்களிலேயே கிடக்கிறது: நீரை ஆவியாக்கியபின் மிஞ்சும் கலப்பு உப்பு. தனி ஆலை எதுவும் அதைத் தீர்க்க முடியாது. ஆராய்ச்சி நிலையமும் அரசும் ஆலைகளும் சேர்ந்தால்தான் முடியும். அதற்கான கூட்டு நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களில் கிணறு கெட்ட ஊர்களின் உழவருக்கும் தொட்டிகளில் இறங்கும் தொழிலாளருக்கும் வாக்குரிமையுள்ள இடம் தர வேண்டும்.