'1870 சுவர்': கறுப்பின அமெரிக்கர்களுக்குப் பாட்டி சொன்ன கதை ஏன் முக்கியம்?

அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் முன்னோரைத் தேடிப் போனால், பெரும்பாலும் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். வம்சாவளி தேடுபவர்கள் அதை '1870 சுவர்' என்கிறார்கள்.

அதென்ன சுவர்? அங்கே அடிமைமுறை 1865-ல் ஒழிக்கப்பட்டது. அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களை முதன்முதலில் எழுதியது 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். 1850-லும் 1860-லும் அவர்களுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. ஆனா, அதில் முதலாளிக்குத்தான் பெயர். அவருக்குக் கீழே பெரும்பாலும் வயது, பாலினம், நிறம். அவ்வளவுதான்.

அப்போ சுவரைத் தாண்டுவது எப்படி? இங்கேதான் வீட்டுப் பெரியவர்களின் பேச்சு கைகொடுக்கிறது. எந்த ஊர்த் தோட்டம், யார் முதலாளி என்று ஒரு வரி தெரிந்தால் போதும். அந்த முதலாளியின் உயில், சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரங்களைப் புரட்டலாம். மனிதர்களையும் சொத்தாக நினைத்த காலம். மாடு, கலப்பையோடு அவர்கள் பெயரும் விலையும் எழுதப்பட்டிருக்கும். படிக்கவே கஷ்டம்தான். ஆனால் கொள்ளுப்பாட்டியின் அம்மா பெயர் அங்கேதான் கிடைக்கலாம்.

1865-ல் தொடங்கி 1874-ல் மூடப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகளும் உதவும். கணக்குத் தொடங்கிய பலரின் பெற்றோர், உடன்பிறந்தவர், சிலசமயம் பழைய முதலாளி பெயர்கூட அவற்றில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. குடும்பப் பெயரை வைத்து முதலாளியை முடிவு செய்துவிடக் கூடாது. விடுதலைக்குப் பிறகு பலர் வேறு பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.