பீட்டா தடுப்பான்களும் உடற்பயிற்சியின்போது இதயமும்

அட்ரினலினும் நோர்அட்ரினலினும் இதயத்தை முடுக்காமல் மறிக்கும் மருந்துகள் பீட்டா தடுப்பான்கள். புரோப்ரனலால், அட்டெனலால், மெட்டோப்ரலால், பிசோப்ரலால் ஆகியவை இவ்வகையின. இவற்றை உட்கொள்பவர் எவ்வளவு ஓடினாலும் நாடித்துடிப்பு வழக்கமான உச்சத்தைத் தொடுவதில்லை.

அட்ரினலின் ஓரிடத்தில் இரத்தக்குழாயைச் சுருக்குகிறது, மற்றோரிடத்தில் விரிக்கிறது. இப்புதிருக்கு 1948இல் விடை தந்தவர் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். அட்ரினலின் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இருவகை உண்டென்றார். அவர் முதலில் அனுப்பிய ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பிவிட்டது. அதன் அருமையை உணர்ந்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக். மாரடைப்புக்கு முன்னோடியான நெஞ்சு இறுக்கத்துக்கு, இதயத்துக்குப் போகும் ஆக்சிஜனைக் கூட்டவே மற்றவர்கள் வழி தேடினர். வரவு கூடாத வீட்டில் செலவைச் சுருக்குவதுபோல, பிளாக் இதயத்தின் தேவையைக் குறைக்க முனைந்தார். 1958இல் ஐசிஐ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே உருவான புரொநெத்தலால் சுண்டெலிகளில் கட்டியை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோப்ரனலால் நிலைத்தது. 1988இல் பிளாக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நடக்கத் தொடங்கியதும் துடிப்பு கூடுவதற்கு, இதயத்தை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பு தன் கடிவாளத்தைத் தளர்த்துவதே காரணம். மருந்து இதில் தலையிடுவதில்லை. துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டும் கட்டத்தில்தான் அட்ரினலின் வகைச் சுரப்புகளின் பங்கு மேலோங்கும். அங்கேதான் தடை விழுகிறது. ஆகவே மெதுநடையில் வேறுபாடு குறைவு, வேக ஓட்டத்தில் அதிகம். உச்சத் துடிப்பு ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை குறையலாம். துடிப்புகளுக்கிடையே நேரம் கூடுவதால் இதயம் நன்கு நிரம்பி, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளுகிறது. தசைகளும் இரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கின்றன. இருந்தும் இழப்பு முழுதும் ஈடாவதில்லை. கால் சோர்வு என்று பலர் முறையிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சத் துடிப்பைக் கணிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் வாய்பாடு இம்மருந்து உண்பவர்களுக்கு உதவாது. 50 வயதினருக்கு அது 170 என்று சொல்லும். டிரெட்மில் சோதனையில் மருந்து உண்பவர் அதன் 85 விழுக்காடான 145ஐக்கூட எட்டாமல் நின்றுவிடக்கூடும். கைநடுக்கத்தையும் அடக்குவதால் துப்பாக்கி சுடுதலில் இம்மருந்துகளுக்குத் தடை உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜோங்-சு இதனால் பதக்கங்களை இழந்தார்.

மாரடைப்புக்குப் பின் எல்லோருக்கும் பீட்டா தடுப்பான்கள் தேவையா என்ற கேள்வி அண்மை ஆய்வுகளில் எழுந்துள்ளது. எப்படியிருந்தாலும், பயிற்சியின் அளவை நாடியைவிட மூச்சைக் கொண்டு கணிப்பதே இம்மருந்து உண்பவர்களுக்குப் பொருந்தும்: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சுவலி வரக்கூடும்.