ஏசியை ஆஃப் செய்தாலும் 'கர்ர்ர்' சத்தம் நிற்கலையா? கார் கம்ப்ரசரை மாற்றும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

வெயில் காலம் வந்தாலே பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியும் சேர்ந்தே வந்துவிடும். ஏசியைப் போட்டதும் பானட்டுக்குள் இருந்து 'கீச்' என்றோ 'கரகர' என்றோ ஒரு சத்தம். மெக்கானிக்கிடம் கொண்டு போனால், "கம்ப்ரசர் போயிடுச்சு சார், மொத்தமா மாத்தணும்" என்ற பதிலும் வரலாம்.

ஆனால், சத்தம் கம்ப்ரசருக்கு முன்னால் இருக்கும் கிளட்ச்சில் இருந்தும் வரலாம். அப்படியானால் கிளட்ச்சை மட்டும் சரி செய்தாலே போதும், செலவும் வெகுவாகக் குறையும். எந்தச் சத்தம் எதைச் சொல்கிறது? எதை அலட்சியப்படுத்தினால் நடுரோட்டில் நிற்க வேண்டி வரும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஏசி கிளட்ச் என்ன செய்கிறது?

மாருதி 800, சான்ட்ரோ, இண்டிகா போன்ற பழைய கார்களில் ஏசி கம்ப்ரசரை இன்ஜின்தான் ஒரு பெல்ட் மூலம் சுற்றுகிறது. அந்தப் பெல்ட் ஓடும் சக்கரம்தான் புல்லி. இன்ஜின் ஓடும் வரை, ஏசி ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும், புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும். அது வழுக்கிச் சுற்ற உள்ளே ஒரு பேரிங் இருக்கிறது.

ஏசி பட்டனை அழுத்தியதும் புல்லிக்குப் பின்னால் இருக்கும் காயிலுக்கு 12 வோல்ட் கரண்ட் போகிறது. காயில் காந்தமாக மாறி, முன்னால் இருக்கும் இரும்புத் தட்டை 'டக்' என்று இழுத்துப் புல்லியோடு ஒட்ட வைக்கிறது. அப்போதுதான் கம்ப்ரசர் சுற்றத் தொடங்கும். புல்லி, பேரிங், காயில், தட்டு இவை நான்கும் சேர்ந்ததுதான் கிளட்ச். அந்த ஒரு 'டக்' சத்தம் இயல்பானது, பயப்பட வேண்டாம்.

கவனிக்க: இப்போது வரும் சில கார்களில் இந்தக் கிளட்ச்சே கிடையாது. கீழே சொல்லப்படுபவை கிளட்ச் உள்ள கார்களுக்கு மட்டுமே.

முதலில் செய்ய வேண்டிய எளிய சோதனை

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜின் ஓடட்டும், ஏசி ஆஃபில் இருக்கட்டும். முன் கண்ணாடிப் பனியை நீக்கும் டிஃபாகர் மோடிலும் வைக்க வேண்டாம். சில கார்களில் அந்த மோடில் ஏசி தானாகவே ஓடும்.

பானட்டைத் திறந்து, சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். பிறகு வேறொருவரை ஏசியைப் போடச் சொல்லி மறுபடி கேளுங்கள். அப்படியே ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தச் சொல்லுங்கள். இன்ஜின் வேகம் கூடும்போது சத்தமும் கூடினால், கோளாறு பெல்ட், புல்லி, கம்ப்ரசர் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்.

சத்தம் மாறாமல் ஒரே சீராக இருந்தால், ஏசியோடு சேர்ந்து ஓடும் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகிக்கலாம். டேஷ்போர்டுக்குள் இருந்து வந்தால், அது பெரும்பாலும் ப்ளோயர் மோட்டார்.

எந்தச் சத்தம், எந்தக் கோளாறு?

ஏசி ஆஃபிலும் 'கர்ர்ர்', 'ஊஊ' சத்தம்: புல்லி பேரிங் தேய்ந்திருக்கலாம். ஏசி போட்டதும் சத்தம் கொஞ்சம் மாறவும் செய்யலாம். ஆல்டர்னேட்டர், பெல்ட் டென்ஷனர் பேரிங்குகளும் இதே சத்தம் தரும். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால் மெக்கானிக்கால் கண்டுபிடித்துவிட முடியும். நல்ல பேரிங் சத்தமில்லாமல் சுற்றும். போன பேரிங் மணல் அரைவது போல உணர்த்தும், ஆட்டினால் ஆடும்.

ஏசி போட்ட நொடியில் 'கீச்': பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது கிளட்ச் தட்டு புல்லியோடு சரியாக ஒட்டாமல் வழுக்கலாம்.

'டக் டக் டக்' என்று அடிக்கடி ஆன், ஆஃப்: இதற்குக் கிளட்ச் காரணமாக இல்லாமல் இருக்கலாம். கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். ரிலே கோளாறு, பேட்டரி வோல்டேஜ் குறைவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

ஏசி ஓடும்போது மட்டும் 'கட கட': கம்ப்ரசரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். கேஸை அளவுக்கு மேல் நிரப்பியிருக்கலாம். இவை இரண்டும் சரியாக இருந்தால், கம்ப்ரசரின் உள்பாகமே தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

காலையில் கூலிங், மதியம் காற்று மட்டும்

இது பழைய கார்களில் பலர் பார்த்திருக்கும் பிரச்னை. காலையில் ஏசி நன்றாக வேலை செய்யும். மதிய டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்றதும் கூலிங் போய்விடும். உடனே "கேஸ் போடணும்" என்று கிளம்பிவிடுகிறோம்.

தட்டுக்கும் புல்லிக்கும் இடையில் மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் அது சுமார் அரை மில்லிமீட்டர்தான். வருடக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து இந்த இடைவெளி அகலமாகிவிடும். காயில் சூடானால் அதன் காந்த சக்தியும் குறையும். அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க அதற்குத் தெம்பு போதாது. வண்டி ஆறியதும் மறுபடி வேலை செய்யும்.

ஃபீலர் கேஜ் என்ற தகடு வைத்து இந்த இடைவெளியை அளக்கலாம். பல கிளட்ச்களில் தட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வாஷரில் ஒன்றை எடுத்தாலே இடைவெளி சரியாகிவிடும். இதற்குக் கேஸ் போட வேண்டிய அவசியமே இல்லை.

ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஓட்டினா போதுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சத்தம் ஏசி ஓடும்போது மட்டும் வந்தால், ஏசியைப் போடாமல் ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். ஆனால் புல்லி பேரிங் போயிருந்தால் ஏசியை ஆஃப் செய்வதால் பயன் இல்லை. பட்டனைத் தொடாவிட்டாலும் புல்லி சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பேரிங் ஒருநாள் முழுதாக இறுகினால் புல்லி நின்றுவிடும். பெல்ட் உரசி, புகைந்து, அறுந்து போகும். சில பழைய கார்களில் ஏசிக்குத் தனி பெல்ட் இருக்கும். அவற்றில் இழப்பு ஏசியோடு நின்றுவிடலாம். அந்தப் பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டுத் தற்காலிகமாக ஓட்டவும் முடியும்.

ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுற்றும் கார்களில் கதை வேறு. பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது. பவர் ஸ்டீயரிங் பம்ப் அதே பெல்ட்டில் இருந்தால், ஸ்டீயரிங் திடீரென்று கல் போல் இறுகும். தண்ணீர் பம்ப்பும் அதில் இருந்தால் இன்ஜின் கொதித்துவிடும். நெடுஞ்சாலை வேகத்தில், குடும்பத்தோடு போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரி விளக்கு எரிந்தாலோ, டெம்பரேச்சர் முள் ஏறினாலோ உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

எப்போது கம்ப்ரசரையே மாற்ற வேண்டும்?

கிளட்ச் முழுவதும் கம்ப்ரசருக்கு வெளியேதான் இருக்கிறது. அதனால் கை நுழைய இடம் உள்ள கார்களில், கேஸை வெளியேற்றாமலே பேரிங்கையோ காயிலையோ மாற்றலாம். இடம் நெருக்கடியான கார்களில் மட்டும் கம்ப்ரசரைக் கழற்ற வேண்டி வரும்.

ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் கிளட்ச்சை மட்டும் மாற்றுவது வீண் செலவு. கிளட்ச்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருந்தால், கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் கசியலாம். இன்ஜின் அணைந்த நிலையில் முன் தட்டைக் கையால் திருப்ப முடியாமல் இறுகியிருந்தால், கம்ப்ரசர் உள்ளே ஜாம் ஆகியிருக்கலாம். அப்படி ஜாம் ஆனால் உலோகத் துகள்கள் குழாய்களுக்குள் பரவியிருக்கும். சிஸ்டத்தைச் சுத்தம் செய்யாமல் புது கம்ப்ரசரைப் போட்டால், அதுவும் சீக்கிரமே போய்விடும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

* இன்ஜின் ஓடும்போது பெல்ட் பக்கம் கையைக் கொண்டு போகக் கூடாது. துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, விரித்த முடி எல்லாமே ஆபத்து. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும்.
* சத்தம் நிற்க கிளட்ச் மீது எண்ணெய், ஸ்பிரே அடிக்கக் கூடாது. தட்டு இன்னும் அதிகமாக வழுக்கும்.
* கேஸ் குழாய்களை நீங்களாகக் கழற்றக் கூடாது. அழுத்தத்தில் இருந்து பாயும் கேஸ் தோலையும் கண்ணையும் உறைய வைத்துக் காயப்படுத்தும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா?
2. கிளட்ச் இடைவெளியை அளந்தீர்களா, எவ்வளவு இருக்கிறது?
3. காயிலுக்கு முழு வோல்டேஜ் வருகிறதா?
4. பேரிங்கையோ கிளட்ச்சையோ மட்டும் மாற்றினால் போதாதா? போதாது என்றால், ஏன்?

இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லும் மெக்கானிக் கம்ப்ரசரை மாற்றச் சொன்னால் நம்பி மாற்றலாம். பானட்டைத் திறக்காமலே "மொத்தமா மாத்தணும்" என்றால், இன்னொரு கடையிலும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஏசி ஆஃபிலும் சத்தம் வரும் காராக இருந்தால், பெல்ட்டைக் காட்டாமல் வெளியூர்ப் பயணம் மட்டும் கிளம்பாதீர்கள்.