மரப்பட்டை வண்டுகள்: வகைப்பாடு

அரிசிமணியிலும் சிறிய காட்டு வண்டுகள்; மரப்பட்டையிலும் தண்டிலும் துளையிட்டு வாழ்பவை. சுமார் 6,000 இனங்கள். முன்பு ஸ்கோலிட்டிடே என்ற தனிக் குடும்பம். இன்று பெரும்பாலோர் கூன்வண்டுக் குடும்பத்தின் உபகுடும்பமாகவே கொள்கின்றனர்.

இவற்றின் வகைப்பாட்டுச் சிக்கலுக்கு இலங்கையே நல்ல சான்று. 1868இல் ஜெர்மானியரான ஐக்கொஃப் இலங்கை மாதிரியிலிருந்து சைலெபோரஸ் ஃபோர்னிகேட்டஸ் இனத்தை விவரித்தார். பின்னர் அது யூவாலேசியா பேரினத்துக்கு மாறியது. மலைநாட்டுத் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு நெடுங்காலம் இப்பெயரே வழங்கிற்று. பெண்வண்டு சுமார் 2 மில்லிமீற்றர். ஆண் அதனிலும் சிறியது, பறக்காது. புழுக்கள் மரத்தைத் தின்பதில்லை. தாய் கொண்டுவந்து துளையில் வளர்க்கும் பூஞ்சையே அவற்றின் உணவு.

கலிபோர்னியாவில் மரங்களை அழித்த வண்டும் பார்வைக்கு இதுவே. மரபணு ஆய்வோ ஒரே பெயருக்குள் பல இனங்களைக் காட்டியது. 2018இல் ஒருமுறை பெயர்கள் பிரிக்கப்பட்டன. ஐக்கொஃபின் மூலமாதிரியை அளந்தபின் 2019இல் அப்பங்கீடு திருத்தப்பட்டது. உருவத்தை மட்டும் நம்பும் வகைப்பாடு இங்கே போதாது. இப்போது ஃபோர்னிகேட்டஸ் என்பது கலிபோர்னியாவையும் தென்னாபிரிக்காவையும் தாக்கிய இனத்தின் பெயர். தேயிலை வண்டுகள் பெர்பிரெவிஸ், ஃபோர்னிகேட்டியர் எனப்படுகின்றன.