எலும்புக்கு ஓர் ஊசி

சித்திக்கு மார்பில் வந்த புற்றுநோய் எட்டு வருஷம் அடங்கிக் கிடந்துவிட்டு, பிறகு இடுப்பெலும்பில் தலைகாட்டியது. டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்ற மருந்துகளோடு, எலும்புக்கென்று தனியாக ஓர் ஊசியும் போட வேண்டும் என்றார். சரி என்று எழுந்தோம். "முதலில் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வாசலுக்கு வந்ததும் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, நோவு இடுப்பிலே. மருந்து ஏறப்போவது கையிலே. நடுவிலே என் பல் என்ன பாவம் செய்தது?"

கதை எழுதிப் பிழைப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். விசாரிக்கப் புகுந்தவனை அந்தக் கேள்வி எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எலும்பைச் சுவர் மாதிரி ஒரு ஜடப் பொருள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவிகிதம் பழையது கழிந்து புதியதாகிறது. இடிப்பதற்கு ஒரு கூட்டம், கட்டுவதற்கு ஒரு கூட்டம் என்று இரண்டு வகைச் செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. இடிக்கிற செல்லுக்கு 1873-இல் கோலிக்கர் என்ற அறிஞர் ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பேர் வைத்தார். எலும்பை உடைப்பவன் என்று பொருள். இடிப்பதும் கட்டுவதும் சமமாக நடக்கிற வரையில் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

புற்றுநோய் இந்த ஏற்பாட்டில்தான் கை வைக்கிறது. லண்டனில் ஸ்டீபன் பாஜெட் என்ற சர்ஜன், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து 1889-இல் ஒரு கட்டுரை எழுதினார். நோய் கண்ட இடத்தில் பரவவில்லை, சில உறுப்புகளையே தேர்ந்தெடுக்கிறது என்று அவருக்குத் தோன்றிற்று. விதை எல்லாப் பக்கமும் பறக்கும். ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று குடியானவன் பாஷையில் விளக்கினார். எலும்பு அப்படி ஏற்ற மண். ஏன் என்பது தெரிய இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. புற்றுநோய்ச் செல் பெரும்பாலும் தானே எலும்பைத் தின்பதில்லை. இடிக்கிற கூட்டத்தைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் பூட்டி வைத்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வருகின்றன. அவற்றை உண்டு புற்று கொழுக்கிறது. கொழுத்த புற்று மேலும் தூண்டுகிறது. நோயாளியோ, படியில் ஒரு கால் தவறினால் தொடை முறிந்து கிடக்கிறாள். முதுகெலும்பு நசுங்கினால் கால் மரத்துப் போகிறது. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிஞ்சிப் புத்தி தடுமாறுகிறது.

இந்த இடிப்பை நிறுத்தும் மருந்தின் மூலம், சொன்னால் நம்பமாட்டீர்கள், வெந்நீர்த் தவலையில் படியும் காரையில் இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊரில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் காரை தெரியும். தொழிற்சாலைக் கொதிகலன்களையும் குழாய்களையும் அது அடைத்துவிடும். தண்ணீரில் பாலிபாஸ்பேட் என்ற ரசாயனத்தைத் துளி கலந்தால் காரை கட்டாது என்று தொழில்காரர்கள் கண்டிருந்தார்கள். சலவைத் தூளிலும் சேர்த்தார்கள்.

ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற ஸ்விட்சர்லாந்து டாக்டர் 1960-ஐ ஒட்டி வேறொரு கேள்வியோடு இருந்தார். நம் ரத்தத்திலும் சிறுநீரிலும் சுண்ணாம்பு இவ்வளவு இருந்தும் உடம்பு முழுதும் ஏன் காரை கட்டிப் போகவில்லை? தவலைக்குள் போடுகிற அந்தச் சரக்கின் சிறிய வடிவமான பைரோபாஸ்பேட்டை நம் உடம்பே தயாரித்துக் காவல் வைத்திருக்கிறது என்று அவரும் கூட்டாளிகளும் கண்டார்கள். சமையலறையும் கொதிகலனும் உடம்பும் ஒரே நியாயத்துக்குக் கட்டுப்பட்டவை என்று கண்டுபிடித்த அந்த மனிதருக்கு நல்ல தூக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

ஆனால் பைரோபாஸ்பேட்டை மருந்தாகக் கொடுத்துப் பயனில்லை. உடம்பிலுள்ள என்ஸைம்கள் அதை அறுத்து எறிந்துவிடுகின்றன. இரண்டு பாஸ்பரஸ் அணுக்களுக்கு நடுவே ஓர் ஆக்ஸிஜன் அணு கண்ணியாக இருக்கிறது. அறுவது அந்தக் கண்ணிதான். அங்கே கரி அணுவை வைத்தால்? அப்படிப்பட்ட பொருளை ரசாயனிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே செய்திருந்தார்கள். பற்பசையும் சலவைத் தூளும் விற்கும் பிராக்டர் அண்டு காம்பிள் கம்பெனியில் எம். டி. பிரான்சிஸ் என்பவர், பல்லில் காரை படியாதிருக்க அதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஃப்ளைஷும், டாவோஸ் மலையூரில் அவரோடு சேர்ந்துகொண்ட கிரஹாம் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயரும், பிரான்சிஸும் 1969-இல் சேர்ந்து வெளியிட்டார்கள்: இந்தப் பொருள் காரை கட்டுவதைத் தடுக்கிறது, அதோடு எலும்பு கரைவதையும் தடுக்கிறது. பின்னது எதிர்பாராத லாபம். பிஸ்பாஸ்போனேட் என்று இன்று அழைக்கப்படும் மருந்துக் குடும்பம் இதுதான். அது எலும்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. எலும்பைத் தின்ன வருகிற செல் மருந்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு முடங்கிப்போகிறது.

ஏன் ஊசி என்று கேட்டால், வாயால் விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேருவதில்லை. ஆகவே பாமிட்ரோனேட் என்ற மருந்தை மணிக்கணக்கில் நரம்பு வழியே ஏற்றினார்கள். 1996-இல் எலும்பு மஜ்ஜைப் புற்றுள்ளவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. ஒன்பது தவணைக்குள், வெறும் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 41 சதவிகிதம் பேருக்கு எலும்பு முறிவு போன்ற சங்கடங்கள் வந்தன. மருந்து பெற்றவர்களில் 24 சதவிகிதம் பேருக்குத்தான். பிறகு ஸோலெட்ரானிக் அமிலம் வந்தது. 4 மில்லிகிராம், 15 நிமிஷம், முடிந்தது வேலை. அதைவிட அவசரப்பட்டால் சிறுநீரகம் கெடும். 2010-இல் டெனோசுமாப் என்ற வேறு ஜாதி மருந்தும் சேர்ந்தது. அது தோலுக்கடியில் போடும் ஊசி. இடிப்பவர்களை வேலைக்குக் கூப்பிடும் சமிக்ஞையையே மறித்துவிடுகிறது. இவை எதுவும் புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடமாட்டத்தைக் காப்பாற்றிக் கொடுக்கின்றன. படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றாது.

இனி, சித்தியின் பல்.

2003-இல் அமெரிக்காவின் மயாமி நகரத்துத் தாடை சர்ஜன் ராபர்ட் மார்க்ஸ் 36 நோயாளிகளைப் பற்றி எழுதினார். எல்லாரும் பாமிட்ரோனேட்டோ ஸோலெட்ரானிக் அமிலமோ ஏற்றிக்கொண்டவர்கள். எல்லாருக்கும் தாடை எலும்பு செத்து, ஈறு திறந்து, எலும்பு வெளியே தெரிந்தது. பல் பிடுங்கிய குழி ஆறாமல் இப்படி ஆனவர்கள் பலர். பின்னால் டெனோசுமாபிலும் இதே தொல்லை வந்தது. மருந்து பெறுகிறவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான். ஆனால் வந்துவிட்டால் ஆற்றுவது கடினம். மற்ற எலும்பெல்லாம் தோலும் தசையும் போர்த்துக் கிடக்க, தாடை மட்டும் மெல்லிய ஈறுக்குக் கீழே கிருமிகள் நிறைந்த வாயில் இருக்கிறது. பல் போன இடத்தில் பழசை இடித்துப் புதுசு கட்டியாக வேண்டும். இடிக்கிற ஆளையோ நாம் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பழைய வைத்தியப் புத்தகம் படித்த டாக்டர்களுக்கு இந்தச் சித்திரம் புதிதல்ல. 1845-இல் வியன்னா டாக்டர் லோரின்ஸர், வெள்ளைப் பாஸ்பரஸ் தோய்த்துத் தீக்குச்சி செய்யும் தொழிலாளரிடம் இதே போலத் தாடை அழுகுவதை எழுதியிருக்கிறார். பல்வலியில் ஆரம்பிக்கும், வீங்கிச் சீழ் வைக்கும், கடைசியில் தாடையையே அறுத்தெடுப்பார்கள். சொத்தைப் பல் உள்ளவர்களையே அது அதிகம் பிடிக்கிறது என்றும் அன்றே கவனித்திருந்தார்கள். 1888-இல் லண்டன் பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கூலியையும் அபராதங்களையும் பத்திரிகையில் எழுதி ஊரறியச் செய்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் நம் அடையாற்றில் வாழ்ந்து 1933-இல் மறைந்த அதே அம்மையார்தான். வெள்ளைப் பாஸ்பரஸை விலக்க 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923-இல். ஆகையால் அந்த ஊர்ப் பெண்களின் தாடை இந்த ஒரு ஆபத்திலிருந்து தப்பிற்று. மற்ற கஷ்டங்கள் வேறு கதை.

அந்த விஷமும் இந்த மருந்தும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டிலும் பாஸ்பரஸ், இரண்டிலும் தாடை. அதனால்தான் ஊசிக்கு முன்பே கெட்ட பல்லைப் பிடுங்கிவிட்டு, புண் ஆறும் வரை பொறுத்துக்கொண்டு, பிறகு ஆரம்பிக்கிறார்கள்.

இவ்வளவையும் சித்தியிடம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து சொன்னேன். தவலைக் காரை வரைக்கும் உற்சாகமாகக் கேட்டாள். தீப்பெட்டிப் பெண்கள் வந்ததும் பேசாமல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"வலது கடைவாயில் ரெண்டு ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது. உன்னிடம்கூடச் சொல்லவில்லை" என்றாள்.

மறுநாளே இரண்டையும் எடுத்தார்கள். ஈறு மூடி ஆற ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்து வாரமும் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்; மாடிக்கு ஏற நாங்கள் விடவில்லை. ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலையில் அவளுக்கு முதல் ஊசி ஏறிற்று. பதினைந்து நிமிஷமும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.