அமர்ந்தோட்டும் புல்வெட்டியின் தொடக்கக் கோளாறுகள்

அமர்ந்தோட்டும் புல்வெட்டி என்பது ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவாறே செலுத்திப் புல்லை வெட்டுவதற்கு உதவும் சிறு ஊர்தி ஆகும். பெரும்பாலான புல்வெட்டிகளில் பெட்ரோலில் இயங்கும் ஓர் உருளை அல்லது இரு உருளை எஞ்சினும், அதைச் சுழற்றிக் கிளப்புவதற்கு 12 வோல்ட் மின்கலமும் பொருத்தப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியும் எஞ்சின் கிளம்பாதிருப்பது தொடக்கக் கோளாறு எனப்படும். இதற்கான காரணங்கள் மின்சுற்று, எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் என நான்கு வகைப்படும். இவை தவிர, ஓட்டுநரைக் காப்பதற்காக அமைக்கப்பட்ட காப்பு ஆளிகள் தம் பணியைச் செய்வதாலும் எஞ்சின் கிளம்பாதிருக்கக்கூடும். அது கோளாறு அன்று.

## வரலாறு

புல்வெட்டும் பொறியை இங்கிலாந்தின் குளொசுட்டர்சயர் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் உருவாக்கி, 1830ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். துணி ஆலையில் துணியின் மேற்பரப்பைச் சீராக்கப் பயன்பட்ட பொறியே அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது. 1902இல் ரான்சம்சு நிறுவனம் பெட்ரோலில் இயங்கும் புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1963இல் ஜான் டியர் நிறுவனம் தனது முதல் புல்வெளி டிராக்டரான 110ஆம் மாதிரியை வெளியிட்டது.

## புதுச்சேரிச் சூழல்

புதுச்சேரி நகரின் தாவரவியல் பூங்கா 1826ஆம் ஆண்டில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நிறுவப்பட்டது. ஆயி மண்டபம் அமைந்துள்ள பாரதி பூங்காவும் நகரின் பழைய பசும்பரப்புகளுள் ஒன்று. மரங்களும் நடைபாதைகளும் நெருங்கியுள்ள இத்தகைய இடங்களுக்குத் தள்ளிச்செல்லும் புல்வெட்டியே பொருத்தமானது. தடையின்றிப் பரந்த விளையாட்டு மைதானங்கள், கல்வி வளாகங்கள் ஆகியவற்றிற்கு அமர்ந்தோட்டும் வகை பொருந்தும்.

நகரின் தட்பவெப்பநிலை இவ்வியந்திரத்தின் தொடக்கக் கோளாறுகளுடன் நேரடித் தொடர்புடையது. மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் பெய்கிறது. அக்காலத்தில் புல் விரைந்து வளரும். கோடையில் வளர்ச்சி குறைவதால் இயந்திரம் பல வாரங்கள் கொட்டகையில் நிற்க நேரிடும். அவ்வாறு நிற்கும்போது மின்கலம் தானாகவே மின்னிறக்கம் அடைகிறது, பெட்ரோல் பழையதாகிறது, உப்பு கலந்த கடற்காற்றினால் மின்முனைகளில் களிம்பு ஏறுகிறது. எலிகள் மின்கம்பிகளைக் கடிப்பதும், குளவிகள் புகைபோக்கியிலும் தொட்டி மூடியின் காற்றுத் துளையிலும் மண்கூடு கட்டுவதும் உண்டு.

## தொடக்கச் சுற்றின் அமைப்பு

சாவியைத் திருப்பும்போது மின்னோட்டம் பின்வரும் வழியில் செல்கிறது.

1. மின்கலத்திலிருந்து உருகி (பியூஸ்) வழியாகச் சாவி ஆளிக்குச் செல்லுதல்.
2. சாவி ஆளியிலிருந்து பிரேக் மிதி, வெட்டலகு ஆகியவற்றின் காப்பு ஆளிகளைக் கடத்தல்.
3. அங்கிருந்து சொலினாய்டை அடைதல். சொலினாய்டு என்பது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தை இணைக்கும் மின்காந்த ஆளியாகும்.
4. சொலினாய்டு இணைந்ததும், மின்கலத்தின் பெரு மின்னோட்டம் ஸ்டார்ட்டர் மோட்டாரை அடைந்து எஞ்சினைச் சுழற்றுதல்.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எஞ்சின் சுழலாது. எனவே விலை மிகுந்த உறுப்புகளை மாற்றுவதற்கு முன் மின்கலம், முனைகள், உருகி, ஆளிகள் என்ற வரிசையில் சோதிப்பதே முறையாகும்.

## சோதனைக்கு முன்

* இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, வெட்டலகின் இணைப்பை நீக்க வேண்டும்.
* வெட்டலகின் அருகே கை செல்லும் எப்பணிக்கும் முன்பாகத் தீப்பொறிச் செருகியின் (ஸ்பார்க் பிளக்) கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும்.
* மின்கலத்தைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். மின்னேற்றத்தின்போது ஐதரசன் வளி வெளிப்படுவதால் அருகில் தீ இருத்தல் கூடாது.
* மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கவல்லது.

## அறிகுறிகளும் காரணங்களும்

ஓசையே இல்லை. மின்கலம் முற்றிலும் மின்னிறக்கம் அடைந்திருக்கலாம், உருகி எரிந்திருக்கலாம், காப்பு ஆளிகளுள் ஒன்று திறந்திருக்கலாம். முழுமையாக மின்னேற்றப்பட்ட ஈய-அமில மின்கலம் ஓய்வுநிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழ் இருப்பின் அதனை மின்னேற்றம் செய்த பின்னரே ஏனைய சோதனைகளைத் தொடர வேண்டும்.

'டிக் டிக்' எனத் தொடர் ஓசை. மின்கலத்தின் வலுக் குறைவையோ முனைகளின் தளர்வையோ இது காட்டுகிறது. முனைகளில் படிந்த வெண்படிவையும் பச்சைக் களிம்பையும் ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தித் தேய்த்து, இறுக்கியபின் வாசலின் போன்ற பசையைத் தடவலாம். எதிர்முனைக் கம்பி சட்டத்துடன் இணையும் இடத்தையும் அவ்வாறே துப்புரவு செய்ய வேண்டும். கடலோரங்களில் இவ்விடம் துருப்பிடிப்பது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது.

ஒரே ஒரு 'டக்' ஓசை. மின்கலம் நன்னிலையில் இருப்பின் சொலினாய்டின் தொடுமுனைகளோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ பழுதுற்றிருக்கலாம்.

சிறிது சுழன்று நின்றுவிடுகிறது. வலுவற்ற மின்கலமே இதற்குப் பொதுவான காரணம். மின்கலம் நன்றாக இருந்தும் இந்நிலை தொடர்ந்தால் வால்வு இடைவெளியைச் சோதிக்க வேண்டும். தொடக்கத்தில் அமுக்கத்தைத் தளர்த்தும் அமைப்பு பல சிறு எஞ்சின்களில் உண்டு. வால்வு இடைவெளி மிகுந்தால் அவ்வமைப்பு பயனற்றுப்போக, ஸ்டார்ட்டர் மோட்டாரால் முழு அமுக்கத்தை வெல்ல இயலாது. இதனை அறியாமல் மோட்டாரை மாற்றுவது வீண்செலவாகும்.

நன்கு சுழல்கிறது, ஆனால் கிளம்புவதில்லை. எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எரிபொருள் குழாயின் அடைப்பான், வடிகட்டி, காற்று வடிகட்டி, சோக் ஆகியவற்றை முதலில் பார்த்தல் நலம். செருகியைக் கழற்றிப் பார்க்கையில் அது ஈரமாக இருந்தால் பெட்ரோல் மிகுந்துள்ளது; சோக்கை விலக்கிச் சற்றுநேரம் காத்திருக்க வேண்டும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. செருகியின் இடைவெளி பல எஞ்சின்களில் சுமார் 0.75 மி.மீ. ஆகும்.

கிளம்பிச் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் எஞ்சின் சீராக ஓடினால் அடைப்பு உறுதியாகும்.

## பெட்ரோலும் எத்தனாலும்

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவியது. ஆனால் சிறு எஞ்சின் உற்பத்தியாளர்கள் பலர் 10 விழுக்காடு வரையிலான எத்தனாலையே ஏற்கின்றனர். ஆகவே இயந்திரத்தின் கையேட்டைப் பார்த்தல் இன்றியமையாதது.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. நீரின் அளவு ஓர் எல்லையைக் கடந்ததும் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சினுக்குச் செல்லும் குழாய் அடியிலேயே இருப்பதால் முதலில் கார்புரேட்டரை அடைவது இந்நீர்க் கலவையாகும். அதனால் எஞ்சின் கிளம்பாததுடன் கார்புரேட்டரின் உட்பகுதியும் அரிக்கப்படுகிறது. சிறிதளவு பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து வைத்தால், நீர் பிரிந்திருப்பது அடியில் தனிப் படலமாகத் தெரியும். அத்தகைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

## காப்பு ஆளிகள்

பிரேக்கை மிதித்து, வெட்டலகின் இணைப்பை நீக்கினால் மட்டுமே எஞ்சின் சுழலும் வகையில் பெரும்பாலான புல்வெட்டிகள் அமைக்கப்பட்டுள்ளன. வெட்டலகு சுழலும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால், இருக்கையின் அடியிலுள்ள ஆளி எஞ்சினை நிறுத்திவிடும்.

இவ்வாளிகளில் களிம்போ புல்தூசோ ஏறினால் எஞ்சின் கிளம்பாது. அப்போது கம்பிகளை நேரடியாக இணைத்து ஆளியைத் தவிர்க்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. எஞ்சின் அன்று கிளம்பினாலும், பின்னொருநாள் ஓட்டுநர் தவறி விழும்போது வெட்டலகு நிற்காது. பின்னோக்கி நகரும் இயந்திரத்தின் அருகே குழந்தைகள் இருப்பின் விளைவு மேலும் கொடியது. பல்லளவி (மல்டிமீட்டர்) கொண்டு ஆளியைச் சோதித்து, துப்புரவு செய்தோ புதியதைப் பொருத்தியோ சரிசெய்வதே ஏற்கத்தக்க வழியாகும்.

## வெள்ளநீரில் மூழ்கிய இயந்திரம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியைத் தாக்கின. ஃபெஞ்சல் புயலின்போது நகரில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை பதிவாகியது. வெள்ளத்தில் மூழ்கிய புல்வெட்டியின் சாவியை உடனே திருப்பக் கூடாது. நீர் அமுங்காத் தன்மையது ஆதலால், உருளைக்குள் நீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் இணைப்புத் தண்டு வளையக்கூடும்.

முதலில் மின்கலத்தையும், அடுத்துச் செருகியையும் கழற்ற வேண்டும். எண்ணெய், பெட்ரோல் இரண்டையும் வடித்துவிட வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. செருகிக் கம்பியைத் தரையிணைப்புச் செய்து, எஞ்சினைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்றிய பின், கார்புரேட்டரைத் துப்புரவு செய்து புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். சிறிது நேரம் ஓடவிட்டபின் அவ்வெண்ணெயையும் மாற்றுதல் நலம்.

## பேணுதல்

* ஒரு மாதத்திற்கு மேல் பயன்படுத்தாவிடில் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரில் எஞ்சியிருப்பது தீரும்வரை எஞ்சினை ஓட்டி நிறுத்துதல்.
* நிற்கும் காலத்தில் மாதம் ஒருமுறை மின்கலத்தை மின்னேற்றுதல்.
* மழைக்காலத்திற்கு முன் மின்முனைகள், உருகி, காப்பு ஆளிகள் ஆகியவற்றைச் சோதித்தல்.
* காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்தலும், எண்ணெயைக் கையேட்டில் கூறியவாறு மாற்றுதலும்.
* இயந்திரத்தைத் தரைமட்டத்திற்கு மேல் உயர்ந்த, காற்றோட்டமுள்ள கொட்டகையில் நிறுத்துதல்.

## இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி எஞ்சின்
* ஈய-அமில மின்கலம்
* தீப்பொறிச் செருகி
* எத்தனால்
* புதுச்சேரி