வைத்தியசாலையும் மரநிழலும்



கொழும்புத்துறைக் கடனீரேரிக் கரையிலிருந்து யாழ்ப்பாணப் பெரிய வைத்தியசாலையை நாடிச் செல்வோர், சுண்டிக்குளிப் பக்கத்தில் பழைய பூங்காவின் முதுமரங்களைக் காண்பர். அப்பூங்காவுக்கும் அவ்வைத்தியசாலைக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டின் தொடக்கத்திலும் நின்றவர் ஒருவரே. அவர், 1829 ஆம் ஆண்டு முதல் 1867 இல் மறையும் வரை யாழ்ப்பாண ஆட்சியோடு பிணைந்திருந்த அரசாங்க அதிபர் பெர்சிவல் அக்லண்ட் டைக்.

தம் வாசத்தலத்தைச் சூழ மரங்களை நட்டு வளர்த்தார் டைக். 1850 இல் அவர் முயற்சியால் 'பிரண்ட்-இன்-நீட்' என்னும் அறச்சங்கத்தின் மருத்துவமனை தோன்றிற்று. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் மூலம் அதுவே. பூங்காவிலிருந்த பழைய மாளிகை பின்னர் இடிபாடாயிற்று. மரங்களோ நிழல் தந்து நின்றன.

மருந்தையும் மரத்தையும் சேர்த்து எண்ணுவது நமக்குப் புதிதன்று. செங்கற்பட்டையடுத்த திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் கூறுகிறது. அங்கே மருத்துவரோடும் அறுவை செய்வாரோடும், மூலிகை கொணர்வார் இருவர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. பச்சிலை தேடுவோரும் வைத்தியசாலைப் பணியாளரே என்று அக்காலத்தார் கருதினர்.

மரம் மருந்துக்கு மட்டுமோ? 1984 இல் அமெரிக்க அறிஞர் ரோஜர் உல்ரிக் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவைக்குப்பின் படுத்திருந்த 46 நோயாளரில் ஒரு பாதியினருக்குச் சாளரத்தில் மரங்கள் தெரிந்தன. மறு பாதியினருக்குச் செங்கற்சுவர். மரம் கண்டோர் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடிய வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தன. சிறிய ஆய்வுதான், எனினும் கட்டடம் வரைவோர் சிந்திக்க வைத்தது.

நோயாளிக்கு நிழல் தரும் மரம் பிற உயிர்களுக்கு வீடுமாகும். இலுப்பைப் பூவை நாடி இரவில் வௌவால் வரும். மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுசெல்லும். வேப்பம்பழத்தைப் பறவைகள் உண்டு விதையைப் பரப்பும். புதர் நிழலில் செண்பகம் மெல்ல நடமாடும்.

ஆயினும் சோலை என்ற பெயரால் அசட்டை கூடாது. தேங்கிய நீர் டெங்கு நுளம்புக்குப் பிறப்பிடம்; தொட்டியும் சிரட்டையும் நீர் ஏந்தி நிற்றல் ஆகாது. எறிந்த உணவு காகத்தையும் எலியையும் அழைக்கும். வௌவால் தங்கும் மரம் நோயாளர் கூடத்தை விட்டு விலகி நிற்க வேண்டும். தக்க மரத்தைத் தக்க இடத்தில் வைத்துப் பேணுதலும் சுகாதாரத் தொழிலே.

புதிய கட்டடங்கள் வேண்டியனவே. நோயாளர் தொகை அதற்குக் காரணம். ஆனால் வெற்றிடம் என்று எண்ணி ஒரு மரத்தை வெட்டுமுன், அதன் நிழலில் காத்திருக்கும் உறவினரையும், சாளரத்தின் வழியே அதை நோக்கிக் கிடக்கும் பிணியாளரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டடம் சில ஆண்டுகளில் எழுந்துவிடும். முதுமரம் உருவாக ஒரு தலைமுறை செல்லும்.